பினாங்குக்கு வருகிறீர்களா? வாசகர் கேள்வியும் வண்டிக்காரர் பதிலும்

வருட இறுதி நெருங்கியதும் எனக்கு வரும் கடிதங்களில் முக்கால்வாசி பினாங்கைப் பற்றித்தான். சுற்றுலாப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவன், ஆயர் ஈத்தாமில் குடியிருப்பவன், வேறு எதைக் கேட்பார்கள்? இந்த மாதம் ஊர் கேள்விகளுக்கு மட்டும் பதில். கார் பழுது, சாலை வரி பற்றி எழுதியவர்கள் அடுத்த இதழ் வரை பொறுக்கவும்.

கேள்வி: பள்ளி விடுமுறையில் நான்கு நாள் பினாங்கில் இருக்கப் போகிறோம். நான், கணவர், ஒன்பது வயதிலும் ஆறு வயதிலும் பிள்ளைகள், முட்டிவலியுள்ள மாமியார். காரில் வருவதா, ரயிலா? டவுனில் தங்குவதா, கடலோரத்திலா? போகும் இடங்களைப் பட்டியலிட்டிருக்கிறேன், பார்த்துச் சொல்லுங்கள் அண்ணா. — காஜாங் வாசகி

பட்டியலைப் பார்த்தேன், தங்கச்சி. முதல் நாளில் மட்டும் கொடிமலை (பினாங்கு ஹில்), கெக் லோக் சி புத்தர் கோயில், பாம்புக் கோயில், பத்து பெரிங்கி, அதற்கு மேல் இரவுச் சந்தை! சம்பளம் கொடுத்தாலும் நான் இந்த ஓட்டம் ஓட்டியிருக்க மாட்டேன். பாம்புக் கோயில் தெற்கே பாயான் லெப்பாசில், விமான நிலையம் இருக்கிற பக்கம். பத்து பெரிங்கி வடக்குக் கரை. வரைபடத்தில் தீவு சின்னதாகத் தெரியும். ஆனால் நடுவில் மலை உட்கார்ந்திருப்பதால் வண்டியெல்லாம் கிழக்குக் கரையில்தான் நெருக்கிக்கொண்டு நிற்கும். விடுமுறையில் கேட்கவே வேண்டாம்.

அதனால் ஒரு நாளுக்கு ஒரு திசை என்று வைத்துக்கொள்ளுங்கள். காலையில் ஓரிடம், மாலையில் ஓரிடம். நடுவில் பதினொன்றிலிருந்து நான்கு வரை அறையில் படுத்துத் தூங்குங்கள். வெயிலில் இழுத்துக்கொண்டு அலைந்தால் மாமியார் எதுவும் சொல்ல மாட்டார், ஆனால் ஆறு வயசு நடுத்தெருவில் உட்கார்ந்துகொள்ளும்.

காலம் சரியாகத்தான் பார்த்திருக்கிறீர்கள். வருட இறுதியில் தீபகற்பத்தின் கிழக்குக் கரையில் பருவமழை அடித்து ரெடாங், பெர்ஹெந்தியான் தீவுகள் பக்கம் கடல் கொந்தளிக்கும். நமக்குக் கனமழை செப்டம்பர், அக்டோபரில். டிசம்பர் கடைசிக்கு வானம் வெளுத்துவிடும், ஜனவரியும் பிப்ரவரியும் நல்ல வெயில்.

ரயிலில் வாருங்கள். கேஎல் சென்ட்ரலில் இடிஎஸ் விரைவு ரயில் ஏறினால் பட்டர்வொர்த்துக்கு நான்கு மணி நேரம் சொச்சம். பெரியவர் நடுவில் எழுந்து நடக்கலாம், கழிப்பறை உண்டு, தாப்பா ஓய்விடத்தில் வரிசை பிடிக்க வேண்டியதில்லை. விடுமுறைக்கால டிக்கெட் சீக்கிரம் தீர்ந்துவிடும், விற்பனை திறந்த அன்றே வாங்கிவிடுங்கள். பட்டர்வொர்த் நிலையத்திலிருந்து ஃபெரித் துறைக்கு நடந்தே போகலாம். கொஞ்சம் நீளமான நடை, மாமியாரை அவசரப்படுத்தாதீர்கள்.

ஃபெரியை மட்டும் விட்டுவிடாதீர்கள். பாலத்தில் வந்தால் பினாங்கு ஒரு சாலை முடிகிற இடம், அவ்வளவுதான். ஃபெரியில் வந்தால் ஜார்ஜ்டவுன் முழுதாக எதிரே எழுந்து வரும்: பின்னால் மலை, நடுவில் கொம்தார் கோபுரம், தண்ணீர் ஓரத்தில் சீனர்களின் மரக்கால் வீடுகள். கடல் பார்க்கத்தானே வருகிறீர்கள்? பினாங்கில் கடலைப் பார்க்க அந்தப் பத்துப் பதினைந்து நிமிடத்தைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. காரோடு ஏறிய அந்தப் பழைய பெரிய ஃபெரிகள் 2020 முடிவோடு ஓய்ந்துவிட்டன. 2023-இல் வந்த புதியவற்றில் ஆட்களும் மோட்டார் சைக்கிளும் மட்டும்தான். காரில் வருகிறவர்கள் இதை அறியாமல் துறை வரைக்கும் வந்து திரும்புகிறார்கள், பாவம்.

உங்கள் கணவர் கார்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் சரி, வரட்டும். 1985-இல் திறந்த முதல் பாலம் டவுனுக்குக் கிட்ட. 2014-இல் வந்த இரண்டாவது பாலம் பத்து காவானிலிருந்து 24 கிலோமீட்டர், தெற்கே கொண்டுபோய் விடும். பாயான் லெப்பாஸ் பக்கம் தங்குகிறவர்களுக்குத்தான் அது லாபம். இரண்டிலும் தீவுக்குப் போகும்போதுதான் டோல், திரும்பும்போது கிடையாது. ஜூரு டோலை வெள்ளிக்கிழமை மாலையில் தொடாதபடி கிளம்பச் சொல்லுங்கள். டவுனில் பார்க்கிங்குக்குக் கூப்பன் கிழிக்கிற காலம் போய்விட்டது. பினாங்கு ஸ்மார்ட் பார்க்கிங் செயலியை வீட்டிலேயே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

தங்குமிடம்: டவுனில் இரண்டு நாள், பத்து பெரிங்கியில் இரண்டு நாள் என்று பிரிக்காதீர்கள். மூட்டை கட்டி அவிழ்ப்பதிலேயே ஒரு நாள் போய்விடும். கெர்னி கடற்கரையிலிருந்து தஞ்சோங் பூங்கா வரை எங்காவது ஓரிடம், நான்கு நாளும் அங்கேயே. பழைய கடைவீடுகளைப் புதுப்பித்த தங்கும் விடுதிகள் டவுனுக்குள் நிறைய இருக்கின்றன. படத்தில் பார்க்க அழகுதான். ஆனால் பலவற்றில் லிஃப்ட் கிடையாது, மரப்படி ஏணி போலச் செங்குத்தாக நிற்கும். அங்கேதான் தங்க ஆசை என்றால் கீழ்த்தள அறை இருக்கிறதா என்று போன் போட்டே கேளுங்கள். பதிவு செய்யும் செயலிகள் இதைச் சொல்வதில்லை.

இனி நாட்கள். வந்த அன்று மாலை பாடாங் கோத்தா கடற்கரைத் திடல் போதும். காற்று, பாசெம்பூர் தின்பண்டம், பிள்ளைகள் ஓட இடம்.

இரண்டாம் நாள் கொடிமலை. விடிந்ததும் கிளம்பி முதல் ரயில்களில் ஒன்றைப் பிடியுங்கள். பத்து மணிக்கு மேல் போனால் கீழேயே ஒரு மணி நேரம் நிற்பீர்கள். மைகாட் அடையாள அட்டை காட்டினால் நமக்குத் தனிக் கட்டணம். விரைவு வரிசை என்று ஒன்று விற்பார்கள், விலை கூட. காலையில் போகிறவர்களுக்கு அது தேவையில்லை. அந்தத் தண்டவாளம் 1923-இல் போட்டது. என் காலத்தில் வண்டி மெல்ல ஏறும், பாதி மலையில் இறங்கி வேறு வண்டி மாற வேண்டும். 2011-இலிருந்து ஒரே மூச்சில் மேலே போய்விடுகிறது. முன்பக்கம் நிற்க இடம் கிடைத்தால் பிள்ளைகளை அங்கே விடுங்கள். உச்சியில் முருகன் கோயில் இருக்கிறது, பக்கத்திலேயே மசூதியும். நடை அதிகமில்லை, மாமியார் தாராளமாகக் கும்பிடலாம். கீழே இறங்கி, ஓய்வெடுத்து, மாலையில் கெக் லோக் சி. அடிவாரத்தில் கடைகளுக்கு நடுவே படியேறுகிற வழியை மறந்துவிட்டு, வண்டியை மேல் வாகன நிறுத்துமிடம் வரைக்கும் விடச் சொல்லுங்கள். அங்கிருந்து குவான் யின் சிலைக்குச் சாய்வு லிஃப்ட் உண்டு. சிலை முப்பது மீட்டர் உயரம், வெண்கலம். கோயில் மூடும் நேரத்தை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் நாள் வடக்கு. காலையில் தெலுக் பஹாங் வண்ணத்துப்பூச்சிப் பண்ணை, பிள்ளைகளுக்கு அது போதும். வாசனைப் பயிர்த் தோட்டம் அருமையானதுதான், ஆனால் மேடும் பள்ளமும், மாமியாருக்கு ஆகாது. வெயில் தாழ்ந்ததும் பத்து பெரிங்கி மணல். இரவுச் சந்தையில் சொல்கிற விலையில் பாதியைக் கேளுங்கள், வெட்கப்படாதீர்கள்.

நான்காம் நாள் காலை குயின் ஸ்திரீட் மாரியம்மன் கோயில், லிட்டில் இந்தியாவில் பசியாறல், அப்புறம் ஃபெரி. பாம்புக் கோயிலைப் பட்டியலிலிருந்து நானே அடித்துவிட்டேன். பாம்பு பார்த்தே ஆக வேண்டும் என்றால் மறுபடி ஒருமுறை வாருங்கள்.

கேள்வி: ஐயா, பத்து பெரிங்கி கடலில் குளிக்கலாமா? ஜெல்லி மீன் கடிக்கும் என்று தங்கை பயமுறுத்துகிறாள். — கிள்ளான் வாசகர்

உங்கள் தங்கை சொல்வதில் நியாயம் இருக்கிறது. மலாக்கா நீரிணைத் தண்ணீர் கலங்கல், காலுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று தெரியாது. ஜெல்லி மீன் பினாங்குக் கடலில் உண்டு, விஷம் கடுமையான பெட்டி வகை உட்பட. ஒவ்வொரு நாளும் வரும் என்றில்லை. இறங்குவதற்கு முன் கரையில் படகு வைத்திருக்கும் பையன்களைக் கேளுங்கள், அன்றைய நிலவரம் அவர்களுக்குத்தான் தெரியும். பிள்ளைகளுக்கு உடம்பை மூடும் நீச்சல் உடை போடுங்கள். பையில் ஒரு பாட்டில் வினிகர் வையுங்கள். கொட்டினால் தேய்க்கக் கூடாது, நல்ல தண்ணீர் ஊற்றக் கூடாது. வினிகரைத் தாராளமாக ஊற்றி, ஒட்டியிருக்கும் இழையை இடுக்கியால் எடுத்து, நேரே மருத்துவமனை. மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ 999.

நான் என் பேரப்பிள்ளைகளை மணலோடு நிறுத்திவிடுவேன். நீந்துவதற்கு விடுதியின் குளம் இருக்கிறது, காசு கொடுத்துத்தானே தங்குகிறோம். தேசியப் பூங்காவுக்குள் இருக்கும் பந்தாய் கெராச்சுட் கண்ணுக்குக் குளிர்ச்சியான கரை, ஆமை காப்பகமும் அங்கே உண்டு. ஆனால் நீரோட்டம் மோசம், அங்கே கால் நனைப்பதோடு சரி.

கேள்வி: ஒவ்வொரு தைப்பூசத்துக்கும் பத்துமலைதான் எங்களுக்கு. இந்த முறை பினாங்கு தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு வர அம்மா ஆசைப்படுகிறார். எப்போது வர வேண்டும், எங்கே நின்றால் தேரை நன்றாகப் பார்க்கலாம்? — செந்தூல் வாசகர்

தைப்பூசத்தன்று காலையில் வந்திறங்கினால் பாதியைத் தவறவிட்டீர்கள் என்று அர்த்தம். எங்களுக்கு இது மூன்று நாள் திருவிழா. முதல் நாள் விடியற்காலையில் பினாங்கு ஸ்திரீட்டில் உள்ள செட்டியார்களின் கோவில் வீட்டிலிருந்து வெள்ளி ரதம் புறப்படும். தமிழகத்திலிருந்து 1894-இல் வந்த ரதம் அது. வழியெல்லாம் நின்று நின்று அர்ச்சனை வாங்கிக்கொண்டு, இரவில்தான் தண்ணீர்மலைச் சாலையில் இருக்கும் நகரத்தார் கோயிலை அடையும். 2017-இலிருந்து மலைக்கோயிலின் தங்க ரதமும் குயின் ஸ்திரீட் மாரியம்மன் கோயிலிலிருந்து வேலைச் சுமந்து புறப்படுகிறது. ஆக இரண்டு ரதம். எது பெரிது, எது முதலில் போக வேண்டும் என்று காபிக் கடையில் வாதம் நடக்கும், நீங்கள் நடுவில் புகாதீர்கள்.

எங்கே நிற்பது? தேர் வருவதற்கு முன் சாலையோரத்தில் தேங்காயைக் குவித்து வைத்திருப்பார்கள், ஆளுயரத்துக்கு. அந்தக் குவியல் இருக்கும் இடத்தில் நில்லுங்கள், ஆனால் பத்தடி தள்ளி. உடைப்பவர்களில் சீனர்கள் ஏராளம். வேண்டுதலுக்காக ஆண்டுதோறும் உடைக்கும் குடும்பங்கள். தேர் நெருங்கியதும் எல்லோரும் ஒரே நேரத்தில் வீச ஆரம்பிப்பார்கள், சாலையே இளநீரில் நனைந்துவிடும். ஓடு சிதறும், அம்மாவுக்கு நல்ல காலணி போட்டுவிடுங்கள். தேர் கடந்ததும் மண்வாரி இயந்திரம் வந்து ஓடுகளை அள்ளும். அதையும் நின்று பாருங்கள், எனக்கு அந்தக் காட்சி ரொம்பப் பிடிக்கும்.

பத்துமலைக்கு 272 படி. இங்கே 513. அம்மாவால் முடியுமா என்று வீட்டிலேயே முடிவு செய்துகொண்டு வாருங்கள். பாதி ஏறி அழுதால் கூட்டத்தில் இறங்குவதுகூடக் கஷ்டம். முடியாதென்றால் கீழே நகரத்தார் கோயில் சமதரையில் இருக்கிறது, வெள்ளி ரதத்தில் வரும் முருகனையே அங்கே கும்பிட்டுவிடலாம். மலையேறத் தெம்புள்ளவர்கள் பூசத்துக்கு முந்தைய இரவு, நள்ளிரவு தாண்டி ஏறலாம். வெயில் இருக்காது.

தங்குவதற்கு நடந்து போகிற தூரத்தில் அறை பாருங்கள். தண்ணீர்மலைச் சாலைப் பக்கம் எல்லாம் அடைத்துவிடுவார்கள், கிராப் வாடகைக் கார் வராது. சாப்பாட்டைப் பற்றிக் கவலையே வேண்டாம். வழி நெடுகத் தண்ணீர்ப் பந்தல்தான். மோர், பானகம், சோறு, வற்புறுத்திக் கொடுப்பார்கள். பந்தல் பாட்டுச் சத்தம் அதிகம் என்று சிலர் குறைப்படுவார்கள். நானும் குறைப்படுகிறவன்தான், ஆனால் வீட்டில் உட்கார்ந்ததில்லை.

கேள்வி: லங்காவியா, பினாங்கா? ஒரே வார்த்தையில். — ரவாங் வாசகி

நீந்துவதற்கு லங்காவி, சாப்பிடுவதற்குப் பினாங்கு. ஒரே வார்த்தையில் பதில் வேண்டுமென்றால் வேறு ஆளைக் கேளுங்கள், தாயி.

கேள்வி: சென்னையிலிருந்து சித்தப்பா குடும்பம் வருகிறது. நேரே பினாங்குக்கு விமானம் இருக்கிறதா? அவர்களுக்கு என்ன காட்டுவது? — சுபாங் ஜெயா வாசகர்

இருக்கிறது. 2024 டிசம்பரிலிருந்து இண்டிகோ சென்னையிலிருந்து நேரே பினாங்குக்குப் பறக்கிறது. நாட்களையும் நேரத்தையும் பதிவு செய்யும்போது சரிபாருங்கள். இந்தியக் குடிமக்களுக்கு 30 நாள் வரை விசா வேண்டாம் என்ற சலுகை 2023 டிசம்பரில் தொடங்கி, 2026 கடைசி வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. ஆனால் மின்னணு வருகை அட்டையைப் பயணத்துக்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும், இலவசம். காசு கேட்கும் தளத்தைக் கண்டால் மூடிவிடுங்கள். விடுதியில் வெளிநாட்டவருக்கு ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி உண்டு. முன்கூட்டியே சொல்லி வையுங்கள், இல்லையென்றால் சித்தப்பா முன்மேசையில் சண்டை போடுவார்.

என்ன காட்டுவது என்பதில்தான் நம்மவர்கள் கோட்டை விடுகிறார்கள். வந்தவர்களை முதலில் லிட்டில் இந்தியாவுக்குக் கூட்டிப்போய்த் தோசையும் புடவைக் கடையும் காட்டுகிறார்கள். மயிலாப்பூரிலிருந்து வந்தவருக்கு அது எதற்கு? மெரினாவில் வளர்ந்தவருக்குப் பத்து பெரிங்கி மணலும் சிரிப்பாகத்தான் இருக்கும். அங்கே இல்லாததைக் காட்டுங்கள். மசூதி கப்பித்தான் கெலிங் சாலையில் நடத்திக் கூட்டிப்போங்கள்: 1818-இல் கட்டிய செயின்ட் ஜார்ஜ் தேவாலயம், சீனர்களின் குவான் யின் கோயில், பின் தெருவில் 1833-இலிருந்து நிற்கும் நம் மாரியம்மன் கோயில், சாலைக்குப் பேர் கொடுத்த மசூதி, 1801-இல் தமிழ் முஸ்லிம்கள் எழுப்பியது. எல்லாம் ஒரு நடையில். சூலியா ஸ்திரீட் பக்கம் நாகூர் தர்காவும் இருக்கிறது, சித்தப்பா நாகப்பட்டினம் பக்கத்துக்காரர் என்றால் கட்டாயம் நிற்பார்.

இன்னொன்று, அவர்கள் ஜூன், ஜூலையில் வந்தால் பாலேக் பூலாவுக்கு டுரியான் சாப்பிடக் கூட்டிப்போங்கள். தோட்டத்திலேயே உட்கார்ந்து சாப்பிடுங்கள். விடுதிக்குள் கொண்டுபோனால் அபராதம் போடுவார்கள். பிடிக்கவில்லையென்றால் பக்கத்திலேயே ஜாதிக்காய்ச் சாறு கிடைக்கும், அது எல்லோருக்கும் பிடிக்கும்.

கேள்வி: நண்பர்கள் மூன்று பேர், ஒரு சனி ஞாயிறு. சாப்பிடுவதற்கு மட்டும் வருகிறோம் அண்ணே. நாசி கண்டார் (குழம்புச் சோறு) எந்தக் கடை? — ஷா ஆலாம் வாசகர்

தம்பி, என்னை ஊரில் இருக்க விடுங்கள். எந்தக் கடை என்பதில் பினாங்கில் அண்ணன் தம்பிகளே பேசாமல் இருக்கிறார்கள். 1907-இலிருந்து கேம்பல் ஸ்திரீட்டில் நடக்கும் ஹமீதியாவில் ஆரம்பியுங்கள், அப்புறம் உங்கள் மூக்கு கூட்டிப்போகும். சொல்ல வேண்டியது கடையைவிட வாங்குகிற விதத்தைத்தான். வரிசையில் உங்கள் முறை வந்ததும் கண்ணில் பட்டதையெல்லாம் காட்டாதீர்கள். மீன் முட்டை, பெரிய இறால், பெரிய கணவாய் மூன்றுக்கும் விலையை முதலில் கேளுங்கள். கோழியும் வெண்டைக்காயும் முட்டையும் எடுத்தவன் சிரித்துக்கொண்டே காசு கட்டுவான், மீன் முட்டை எடுத்தவன் நண்பனைத் திரும்பிப் பார்ப்பான். குழம்பைக் கலந்து 'பாஞ்சிர்' என்று கேளுங்கள், சோறு மூழ்க ஊற்றுவார்கள். நாசி கண்டாருக்கு அது இல்லையென்றால் அர்த்தமில்லை.

காலையில் ரொட்டி சானாய், வெயிலில் பினாங்கு ரோட்டில் செண்டோல், மாலையில் பாசெம்பூர், பூலாவ் தீக்கூஸ் பக்கம் மாமாக் மீ கோரெங், நடுவில் அசாம் லக்சா. லக்சாவில் மீன் மணம் தூக்கலாக இருக்கும், முதல் வாயிலேயே முடிவு செய்யாமல் நான்கு வாய் சாப்பிடுங்கள். மூன்று பேர் என்றால் எல்லாவற்றிலும் ஒரு தட்டு வாங்கிப் பிரித்துக்கொள்ளுங்கள். ஆளுக்கொன்று வாங்கினால் இரண்டாவது கடையிலேயே படுத்துவிடுவீர்கள். செண்டோல் வரிசை சனிக்கிழமை மதியம் சந்து முனையைத் தாண்டிப் போகும், அதை ஞாயிறு காலைக்கு மாற்றுங்கள்.

கார் வேண்டாம். டவுனுக்குள் நடங்கள். தெலுக் பஹாங் பக்கம் போக 101 எண் பேருந்து, கொடிமலைக்கு 204. ஊருக்குத் திரும்பும்போது வீட்டுக்குத் தாவ் சார் பியா (பருப்பு பிஸ்கட்) வாங்குவீர்கள், எல்லோரும் வாங்குவார்கள். சில கடைகளில் மாவில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பார்கள். பாட்டி சைவமென்றால் பெட்டியைக் கட்டுவதற்கு முன் கேட்டுவிடுங்கள், சைவ வகை தனியாக இருக்கும்.